புது கோச் போட்ட கேம்ப் லிஸ்ட்: நம்ம 4ஆம் நம்பரை விட்டது சரியா?

தல்லாகுளம் ரைட் அவுட்:

வணக்கம். கிளப் பெயரைப் போடவில்லை. மதுரையில் ஹாக்கி பார்க்க வெயிலில் வந்து உட்காரும் கூட்டத்துக்கு எந்த அணி என்று சொல்லாமலே தெரியும்.

சீசனுக்கு முன்னால் புது கோச் வந்திருக்கிறார். கோவில்பட்டி விளையாட்டு ஹாஸ்டலில் வளர்ந்து, வெளியூரில் டிபார்ட்மென்ட் டீமுக்கு ஆடியவர் என்கிறார்கள். மனிதர் நல்லவர்தான், பேச்சு குறைவு, விசில் அதிகம். வந்த பத்தாம் நாள் 26 பேர் கேம்ப் லிஸ்டைச் செயலாளர் அறைக் கதவில் ஒட்டிவிட்டார். அதில் நம்ம 4ஆம் நம்பர் ஜெர்சிக்காரன் இல்லை. மேலிருந்து கீழே மூன்று தடவை படித்தேன், தாளைத் தூக்கிப் பின்பக்கம்கூடப் பார்த்துவிட்டேன்.

போன வருஷம் நாம் அடித்த கோலில் பாதிக்கு மேல் ஷார்ட் கார்னரில் (எதிரணி தப்பு செய்தால் கோல் லைனிலிருந்து பந்தைத் தள்ளிவிட்டு அடிக்கிற வாய்ப்பு) வந்தவை, அதில் ஒன்றிரண்டைத் தவிர எல்லாம் அவன் பந்தை மட்டையால் இழுத்து வீசிய ஃப்ளிக். அவனை விட்டுவிட்டு மீசை முளைக்காத பள்ளிக்கூடப் பையன்கள் ஏழு பேரை எடுத்திருக்கிறார். ஆறு வருஷமாக நடுவில் சென்டர் ஹாஃப் ஆடியவரைப் பின்வரிசையில் ரைட் பேக்குக்குத் தள்ளியாகிவிட்டது. கோல்கீப்பர் மட்டும் மூன்று பேர், எதற்கு என்று புரியவில்லை. அடுத்த மாதம் இந்த 26 பேர் 18 ஆகக் குறைவார்கள், அதற்குள் யாராவது ஒருவர் அவரிடம் பேச வேண்டாமா?

புது கோச் என்றால் மாற்றம் இருக்கும், சரி. குடிவந்த அன்றைக்கே சுவரை இடிக்க வேண்டுமா என்பதுதான் என் கேள்வி.


கோவில்பட்டிப் பங்காளி:

அண்ணே, கொஞ்சம் பொறுங்கள். எங்கள் ஊரில் கடலைமிட்டாய்க்கும் தீப்பெட்டிக்கும் அடுத்து ஹாக்கிதான், அதனால் கொஞ்சம் உரிமையோடு பேசுகிறேன்.

உங்கள் 4ஆம் நம்பர் ஆடியதை மூன்று சில்டு போட்டிகளில் பார்த்திருக்கிறேன். ஃப்ளிக் அருமை, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஃப்ளிக் அடிக்காத நேரத்தில் அவன் என்ன செய்கிறான் என்று பார்த்தீர்களா? இந்த வருஷம் ஆடப்போவது டர்ஃப் என்கிற செயற்கைத் தரையில். மண் தரையில் பந்து குதித்துக் குதித்து வரும், வேகம் பாதி வழியிலேயே செத்துவிடும், நின்று நிதானமாக ஸ்டாப் பண்ணித் தலையைத் தூக்கிப் பார்த்து அடிக்கலாம். தண்ணீர் அடித்த டர்ஃபில் பந்து வழுக்கிக்கொண்டு வரும், நீங்கள் மட்டையை வைப்பதற்குள் எதிராளி உங்கள் காலடியில் நிற்பான். அங்கே பேக்கில் ஆடுகிறவன் முன்னால் ஏறவும் வேண்டும், பந்து போனால் திரும்பி ஓடி வரவும் வேண்டும். உங்கள் ஆள் ஏறுவார். திரும்பி வருவது அடுத்த பஸ்ஸில்தான்.

கோச் புதிதாக வந்து ஆளை மாற்றினால் ஊர் கத்தத்தான் செய்யும். 2023 உலகக் கோப்பையில் இந்தியா நியூசிலாந்திடம் ஷூட் அவுட்டில் தோற்று வெளியேறிய பிறகு கோச் கிரஹாம் ரீட் போய் கிரெய்க் ஃபுல்டன் வந்தார். முதலில் கோல் வாங்காதே, பிறகு கோல் போடு என்பதுதான் அவர் பாணி. இந்திய ஹாக்கியின் அழகே போச்சு என்று எத்தனை பேர் புலம்பினார்கள்? அதே வருஷம் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் தங்கம், அடுத்த வருஷம் பாரிஸில் வெண்கலம். பாரிஸில் ஆஸ்திரேலியாவை 3-2 என்று ஜெயித்தோமே, ஒலிம்பிக்கில் அவர்களை ஜெயித்தது 1972க்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

இன்னொன்று, இது மனசு பொறுக்காமல் சொல்வது. 2025 ஜூனியர் உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடந்தது. 18 பேர் இந்திய அணியில் தமிழ்நாட்டுப் பையன் ஒருவன்கூட இல்லை. 2022 ஆசியக் கோப்பைக்கு ஜகார்த்தா போன அணியில் எங்கள் ஹாஸ்டலில் தேறிய செல்வம் கார்த்தியும் மாரீஸ்வரன் சக்திவேலும் இருந்தார்கள், மூன்று வருஷத்தில் பூஜ்யம் ஆகிவிட்டோம். பதினேழு வயதில் டர்ஃபில் விடாமல், இருபத்தைந்தில் விட்டு என்ன பயன்? அந்த ஏழு பையன்களைத் திட்டாதீர்கள்.


பழைய புல்தரை:

தம்பிகளா, எனக்கு வயது அறுபத்தெட்டு, அதனால் நீளமாகத்தான் எழுதுவேன்.

டர்ஃப், டர்ஃப் என்று பயமுறுத்தாதீர்கள். 1976இல் மாண்ட்ரியலில் முதன்முதலாக ஒலிம்பிக்கைச் செயற்கைத் தரையில் நடத்தினார்கள், நாம் ஏழாவது இடத்துக்குப் போனோம், அன்றைக்கு ஆரம்பித்த ஒப்பாரி இன்னும் ஓயவில்லை. ஆனால் நாலு வருஷம் கழித்து மாஸ்கோவிலும் செயற்கைத் தரைதான், நம்ம பாஸ்கரன் கேப்டனாக நின்று தங்கம் வாங்கிவந்தார். பல நாடுகள் வரவில்லை, ஆறு அணிதான் என்று உடனே ஒருவர் கிளம்புவார், தெரியும். வந்தவர்களை ஜெயித்தோமா இல்லையா?

எனக்கு 4ஆம் நம்பர் பெரிய விஷயமில்லை. சென்டர் ஹாஃபை ரைட் பேக்குக்கு அனுப்பியதுதான் வயிற்றெரிச்சல். சென்டர் ஹாஃப் என்பவன் வீட்டின் நடுத்தூண். பந்து எங்கே சுற்றினாலும் அவனிடம் ஒருமுறை வந்துதான் போக வேண்டும். இந்தப் பையன் ஒரு டாட்ஜ் போட்டால் எதிரே இரண்டு பேர் வேறு திசையில் போவார்கள், அதைப் பார்க்கத்தான் நான் மூட்டுவலியோடு படி ஏறி வருகிறேன். அவனை ஓரத்தில் நிறுத்தி, பந்து வந்தால் வெளியே தள்ளு என்றால் என்ன கோச்சிங் இது?

(மைதானத்து வாசலில் முன்பு ஒரு அம்மா பருத்திப்பால் விற்பார். இப்போது வருவதில்லை. யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.)


பேடு கட்டினவன்:

மூன்று கோல்கீப்பர் எதற்கு என்று கேட்டவருக்கு மட்டும் பதில், ஏனென்றால் பதினோரு வருஷம் அந்த மூட்டையைத் தூக்கி டவுன் பஸ்ஸில் போனவன் நான்.

கேம்பில் மூன்று பேர் இருந்தால்தான் ஒருவன் நிற்கும்போது இன்னொருவன் மூச்சு வாங்கலாம். இருபது பேர் மாறி மாறி அடிப்பார்கள், வாங்குவது ஒருவன். பாரிஸ் ஒலிம்பிக்கில் 16 பேர்தான் அணி, கோல்கீப்பர் ஸ்ரீஜேஷ் ஒருவர்தான், இன்னொரு கீப்பர் கிருஷன் பதக் ரிசர்வ். அந்த மாதிரி இறுதி லிஸ்டில் ஒருவரையோ இருவரையோ வைத்துக்கொள்ளட்டும், கேம்பிலேயே கணக்குப் பார்க்க வேண்டாம்.

இப்போது நீங்கள் யாருமே பேசாத விஷயத்துக்கு வருகிறேன். 4ஆம் நம்பர் ஃப்ளிக் அடிப்பான், அது எல்லாருக்கும் தெரியும். நமக்கு எதிராக ஷார்ட் கார்னர் கொடுத்தால் முதலில் ஓடுவது யார்? அதுவும் அவன்தான்! கோல் லைனுக்குப் பின்னால் கீப்பரோடு சேர்த்து ஐந்து பேர்தான் நிற்க முடியும், மற்றவர்கள் எல்லாம் நடுக்கோட்டுக்குப் போயாக வேண்டும். பந்தை உள்ளே தள்ளியதும் அந்த ஐந்து பேரில் ஒருவன் ஃப்ளிக் அடிக்கிறவன் முகத்துக்கு நேரே ஓட வேண்டும். முதல் அடி ஹிட் என்றால் கோலின் அடிப்பலகை உயரம், 460 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்று விதி இருக்கிறது, ஃப்ளிக்குக்கு அந்த விதி கிடையாது. அது தொடையிலும் படும், நெஞ்சிலும் படும். தெரிந்தே ஓடுகிறவன்தான் ஃபர்ஸ்ட் ரஷர்.

பாரிஸ் காலிறுதியில் பிரிட்டனுக்கு எதிராக நம்ம ஃபர்ஸ்ட் ரஷர் அமித் ரோகிதாஸுக்குச் சிவப்பு அட்டை. பத்து பேராக நின்று ஆடி ஷூட் அவுட்டில் ஜெயித்தோம், எல்லாரும் அதைத்தான் பேசுகிறார்கள். ஆனால் தடை காரணமாக ஜெர்மனிக்கு எதிரான அரையிறுதியில் அவர் இல்லை, 3-2 என்று தோற்றோம். அவர் இருந்திருந்தால் ஜெயித்திருப்போம் என்று சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் அந்த இடத்தில் ஓடிப் பழகிய ஆள் இல்லாமல் கோலில் நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், என் இடது தோள்பட்டைக்கும் தெரியும்.

ஃப்ளிக் அடிக்கப் பையன்கள் கிடைப்பார்கள். அடி வாங்க ஓடுகிறவன் லேசில் கிடைக்க மாட்டான். கோச்சிடம் கேட்பதென்றால் அதைக் கேளுங்கள்.


அவனியாபுரம் 2.0:

கோச்சை ஒரு மேட்ச் ஆடவிட்டுத் திட்டலாமே மாமா. முகூர்த்தக்கால் ஊன்றும்போதே பந்தியில் உப்பு இல்லை என்கிறீர்கள்.


தல்லாகுளம் ரைட் அவுட்:

கீப்பர் அண்ணன் சொன்னது எனக்குத் தோன்றவே இல்லை, ஒத்துக்கொள்கிறேன்.

பங்காளி, அடுத்த பஸ் என்று நக்கல் பண்ணினீர்கள், வலித்தது, ஆனால் பாதி உண்மைதான். ஜூனியர் உலகக் கோப்பை இங்கே நடந்தபோது இலவச டிக்கெட் எடுத்து இந்தியா ஆடிய இரண்டு மேட்சும் பார்த்தேன். ஓமனை 17-0 என்று போட்டதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, சுவிட்சர்லாந்து மேட்சில்தான் (5-0) பந்து இல்லாத பையன்கள் ஓடுகிற ஓட்டத்தைக் கவனித்தேன். ஐந்தாறு நிமிஷத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றிக்கொண்டே இருந்தார்கள், பெஞ்சில் இருந்து வருகிறவன் புதுப் பேட்டரி போட்ட மாதிரி வருகிறான். சென்னையில் வெண்கல மேட்சில் அர்ஜென்டினாவிடம் 0-2 என்று பின்தங்கி, கடைசி குவார்ட்டரில் நாலு கோல் போட்டு 4-2 என்று ஜெயித்தார்களே, அதுவும் கால் பலம்தான். ஆனால் அதே பையன்கள் அரையிறுதியில் ஜெர்மனியிடம் 5-1 வாங்கினார்கள். ஓட்டம் மட்டும் போதும் என்றால் அன்றைக்கு எங்கே போனது?


கேம்ப் பனியன்:

நான் அந்த 26 பேரில் ஒருவன், யார் என்று கேட்காதீர்கள். இதை எழுதலாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன்.

அண்ணனை (4ஆம் நம்பரைத்தான் சொல்கிறேன்) கோச் ஆட்டத்துக்காக விடவில்லை. ஓட்ட டெஸ்ட் இரண்டு நாள் நடந்தது, காலை ஐந்தரை மணிக்கு. யோ-யோ டெஸ்ட்தான், 20 மீட்டர் போய்த் திரும்ப வேண்டும், பத்து விநாடி நிற்க வேண்டும், பீப் சத்தம் போகப் போக வேகமாகும். அண்ணன் இரண்டு நாளும் வரவில்லை. அவருக்கு மாட்டுத்தாவணி காய்கறி மார்க்கெட்டில் ராத்திரி வேலை, லாரி லோடு இறங்கிக் கணக்கு முடித்து வெளியே வரவே ஆறு, ஆறரை ஆகும். இரண்டாம் நாள் ஏழு மணிக்கு வேலை செய்த சட்டையோடு வந்து நின்றார், கோச் டெஸ்ட் முடிந்துவிட்டது என்றார். ஓடாதவர் யாருக்கும் லிஸ்டில் இடமில்லை என்று முதல் நாளே சொல்லியிருந்தார், அதையேதான் திரும்பவும் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. அண்ணனும் ஒன்றும் சொல்லாமல் எங்கள் தண்ணீர் கேனைத் தூக்கிவந்து நிழலில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

சென்டர் ஹாஃப் விஷயம், ஐயா, அது பிராக்டிஸ் மேட்சுக்கு மட்டும். அங்கிருந்து நீளப் பந்து போடச் சொல்கிறார். அந்த அண்ணனுக்கே பிடித்திருக்கிறது.


பழைய புல்தரை:

அவனுக்குப் பிடித்தால் எனக்கென்ன. நடுவில் பார்க்க எனக்கு ஆள் வேண்டும்.

மார்க்கெட் விஷயம் இப்போதுதான் தெரிகிறது. ராத்திரி முழுக்க மூட்டைக்கு நடுவில் நின்றவனை விடியலில் ஓடச் சொன்னால் எந்தக் கால் ஓடும்? நாங்கள் ஆடிய காலத்திலும் மில்லில் ஷிப்ட் முடித்துவிட்டு வருவார்கள், அவர்களுக்காக மேட்சை அரை மணி தள்ளி வைத்திருக்கிறோம்.


கோவில்பட்டிப் பங்காளி:

சரி, பஸ் நக்கலை வாபஸ் வாங்குகிறேன்.

ஆனால் கோச் பக்கமும் ஒரு வார்த்தை. அவர் ஹாஸ்டலில் வளர்ந்தவர். அங்கே விடிகாலை மைதானம், பிறகு பள்ளிக்கூடம், சாயங்காலம் மறுபடி மைதானம், சாப்பாட்டுக்கு வேறு ஒருவர் கவலைப்படுவார். ராத்திரி வேலைக்குப் போய்விட்டு ஆட வருகிற ஆளை அவர் எங்கே பார்த்திருக்கப் போகிறார்? விதி எல்லாருக்கும் ஒன்று என்று பிடிவாதமாக நிற்பதும் ஒரு நேர்மைதான், இங்கே செயலாளர் சொந்தக்காரன் என்று லிஸ்டில் ஏறியவர்கள் கதையெல்லாம் நமக்குத் தெரியாதா? மணியை மாற்றச் சொல்லுங்கள், டெஸ்டையே விட்டுவிடச் சொல்லாதீர்கள். ஓடட்டும். ஓடித் தேறாவிட்டால் நான் மறுபடி பஸ் எடுப்பேன்.


பேடு கட்டினவன்:

இது நியாயம். சாயங்கால டெஸ்ட் ஒன்று வைக்கச் சொல்லலாம், அவனுக்கு மட்டும் என்றில்லை, அந்த நேரத்தில் வரமுடியாத எல்லாருக்கும். தல்லாகுளம் தம்பி, நீங்கள் செயலாளரைப் பிடியுங்கள், கோச்சிடம் நான் பேசுகிறேன். ரஷர் கதையை அவரிடமே கேட்கிறேன், ஒருவேளை அந்த ஏழு பையன்களில் ஒருவனை அதற்கென்றே வைத்திருக்கிறாரோ என்னவோ.


தல்லாகுளம் ரைட் அவுட்:

செயலாளரிடம் போனில் பேசிவிட்டேன். ஞாயிறு சாயங்காலம் வரச் சொல்லியிருக்கிறார், கோச்சும் இருப்பார். நாலரைக்குள் வந்துவிடுங்கள், டர்ஃபுக்குத் தண்ணீர் அடிக்க ஆரம்பித்தால் அப்புறம் அவரைப் பிடிக்க முடியாது. 4ஆம் நம்பருக்கு நான் இன்னும் சொல்லவில்லை, பனியன் தம்பி, நீயே சொல்லிவிடு, ஷூவைக் கையோடு எடுத்துவரச் சொல்.

ஐயா, பருத்திப்பால் அம்மா இப்போது தமுக்கம் பக்கம் இருக்கிறார் என்று என் வீட்டில் சொல்கிறார்கள். வரும்போது வாங்கிவருகிறேன்.