ஸ்லோ குக்கர் ஓட்ஸ்: ராத்திரி வைத்து விடியலில் திறந்தவர்கள் சொல்லுங்கள்

கீழக்கரை மருமகள்:
போன ரமலானில் நடந்தது, இன்னும் உறுத்துகிறது. மச்சான் துபாயிலிருந்து கொண்டுவந்த ஸ்லோ குக்கர், கரண்டில் மெல்லிய சூட்டில் மணிக்கணக்காக வேகவைக்கிறது. அளவு உங்களுக்குத் தெரிந்ததுதான்: ஸ்டீல் கட் ஓட்ஸ் (அவலாகத் தட்டாமல் நறுக்கியது) 1 கப், தண்ணீர் 3, பால் 1. ராத்திரி தராவீஹ் தொழுகை முடிந்து வந்து லோவில் வைத்துவிட்டுப் படுத்தாச்சு. விடியுமுன் சாப்பிடும் சஹருக்கு மாமிதான் முதலில் எழுந்து மூடியைத் திறந்தார்கள். சட்டியின் உள்சுவரில் பழுப்பாக ஒரு விளிம்பு காய்ந்து ஒட்டியிருந்தது. மாமி கரண்டியை எடுத்து அதை மட்டும் சுரண்டிச் சுரண்டித் தின்றார்கள். "நோன்புக் கஞ்சி அடிப்பிடிச்ச ருசி அப்படியே இருக்கும்மா" என்றார்கள். நடுவில் வெந்து கிடந்ததை ஒரு வாய்கூடத் தொடவில்லை. பேரீச்சம்பழமும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு நோன்புக்கு நிய்யத் வைத்துவிட்டார்கள். பிடித்துப்போய்ச் சுரண்டினார்களா, மிச்சத்தைத் தின்னாமல் தப்பிக்கிற சாக்கா? கேட்கவும் வாய் வரவில்லை.

தெற்குவாடிப் பொண்ணு:
பாம்பன் பக்கம் நாங்கள். அப்பாவுக்கு நாட்டுப்படகுத் தொழில், இருட்டோடு கிளம்பிவிடுவார். சர்க்கரை வந்ததிலிருந்து பழையதை நிறுத்தி ஓட்ஸ். அன்று நான் எழுந்தபோது குக்கரில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. மிச்சம் இருந்ததை எடுக்கப் போனால் சட்டி வெதுவெதுப்பாகக்கூட இல்லை. ராத்திரி கரண்ட் போய் வந்திருக்கிறது. பட்டன் மாடல் என்றால் பெரும்பாலும் அணைந்தே கிடக்கும், பார்த்ததும் தெரிந்துவிடும். திருகுகிற மாடல் கரண்ட் வந்ததும் தானாக ஓட ஆரம்பித்துவிடும், எத்தனை மணி நேரம் நின்றிருந்தது என்று சொல்லாது. அதற்குள் அப்பா தூக்குவாளியோடு கரைக்குப் போய்விட்டார். ஓடிப்போய், படகில் கால் வைத்தவர் கையிலிருந்து வாங்கி மணலில் கொட்டினேன். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. காலி வாளியைக்கூட வாங்காமல் ஏறிவிட்டார். நான் கொட்டியது சரிதானே?

தேவிபட்டினம் வாத்தியார்:
கொட்டியிருக்க வேண்டாம் பாப்பா. ஒரு கொதி விட்டுக் கொடுத்திருக்கலாம். பழைய சோறு ராத்திரி முழுக்க வெளியில்தானே கிடக்கிறது, யாருக்கு என்ன ஆனது?
கீழக்கரைத் தங்கச்சிக்கு: பாலை ராத்திரியே ஊற்றியதுதான் கோளாறு. எட்டு மணி நேரச் சூட்டில் பால் ஓரத்தில் காயத்தான் செய்யும், சில நாள் திரிந்தும் போகும். தண்ணீரிலேயே வேகவிட்டு, காலையில் பாலோ தேங்காய்ப் பாலோ சேர்க்க வேண்டும். கருப்பட்டியும் அப்புறம்தான், அதுவும் இறக்கி ஆறவிட்டு.
என் அனுபவம் என்றால், பேரன் வந்திருந்தபோது வீட்டில் சாதா அவல் ஓட்ஸை ராத்திரி முழுக்கப் போட்டுவிட்டார்கள். காலையில் போஸ்டர் ஒட்டலாம். அவ்வளவுதான்.
மற்றபடி சில விஷயம் சொல்லிவிடுகிறேன். ஓட்ஸை நேராகச் சட்டியில் போடாதீர்கள். சூடு தாங்கும் ஒரு கிண்ணத்தில் ஓட்ஸும் தண்ணீரும் வைத்து, அதைக் குக்கருக்குள் இறக்கி, கிண்ணத்தின் பாதி உயரத்துக்கு வெளியே தண்ணீர் ஊற்றுங்கள். இட்லிப் பானை வேலைதான். விளிம்பு காயாது, தேய்த்துக் கழுவும் பாடு இல்லை. ரெண்டு பேருக்குச் சமைக்க இந்த முறைதான் தோது, ஏனென்றால் பெரிய சட்டியில் அடியில் கொஞ்சமாகக் கிடந்தால் தீய்ந்துவிடும். நேராகப் போட்டால் உள்ளே நெய் தடவுங்கள். நடுவில் மூடியைத் திறந்து பார்க்காதீர்கள், போன சூடு திரும்ப வெகுநேரம் ஆகும். 200 வாட் குக்கர் 8 மணி நேரம் ஓடினால் 1.6 யூனிட்தான், கரண்ட் பில்லுக்குப் பயப்பட வேண்டாம். டைமர் பிளக் மாட்டி நடுராத்திரிக்கு மேல் ஓடவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். தண்ணீரில் ஊறிய ஓட்ஸும் அதுவரை வெளியில் கிடக்கிறது என்பதை யோசிப்பதில்லை.

மண்டபம் நர்ஸ்:
சார், கடைசி வரியில் நீங்களே சொல்லிவிட்டீர்கள், முதல் வரியில் மட்டும் ஒரு கொதி போதும் என்கிறீர்கள். தானியத்தில் இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் கிருமியின் வித்து வேகவைத்தாலும் சாகாது. 60 டிகிரிக்குக் கீழே வெதுவெதுப்பாகக் கிடந்தால் முளைத்துப் பெருகும். வாந்தி எடுக்கவைக்கிற அதன் நஞ்சு, கொதித்தாலும் அழியாது. பழைய சோறு புளிக்கிறது, புளிப்பு ஏறினால் அந்தக் கிருமிக்கு வளர்வது கஷ்டம். ஓட்ஸ் கஞ்சி அப்படிப் புளித்திருக்காது. நான் வேலை பார்த்த இடத்துக்கு ஒருநாள் விடியலில் ஒரு குடும்பமே வந்தது, விசேஷ வீட்டில் மிஞ்சிய சோறு. பெரியவர்கள் தாங்கினார்கள். சின்னப் பையன் டிரிப் ஏறும்வரை என் சேலை முந்தானையை விடவே இல்லை, அதில் வாந்தி எடுத்துக்கொண்டே பிடித்திருந்தான். கடலுக்கு நடுவில் ஒரு ஆளுக்கு அது வந்தால் யார் டிரிப் ஏற்றுவது? தெற்குவாடித் தங்கச்சி, கொட்டியது சரி. அப்பாவிடம் நான் சொன்னதாகச் சொல்லு.

வாலிநோக்கம்காரன்:
கிருமியை விடுங்கள், எங்கள் ஊரில் தண்ணீரே சண்டை போடும். உப்பளத்துப் பக்கம் வீடு. காவிரித் தண்ணீர் வராத வாரம் போர் தண்ணீரில் வைத்துவிட்டார்கள். மெட்ராஸிலிருந்து வந்த சம்பந்தி ஒரு கரண்டி வாயில் வைத்தவர் விழுங்கவும் முடியாமல், துப்பவும் முடியாமல் என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாலு கப் தண்ணீரையும் ஓட்ஸ் குடித்துவிடுகிறது, அதிலிருந்த உப்பு முழுக்க அந்தக் கஞ்சியில்தானே நிற்கும். அதோடு என் மனைவி வழக்கம்போல அரை ஸ்பூன் உப்பும் போட்டிருந்தாள். பால், கருப்பட்டி எதுவும் எடுபடாது என்று தெரிந்துபோனது. நல்ல தண்ணீரில் இன்னும் கொஞ்சம் ஓட்ஸ் வேகவைத்து அதோடு கலந்து, சின்ன வெங்காயமும் நம்மூர்க் குண்டு மிளகாயும் தாளித்துக் கொட்டினாள். சம்பந்தி ரெண்டாவது கிண்ணம் கேட்டார், தொட்டுக்கக் கருவாடு இருக்கிறதா என்றும் கேட்டார்.