இன்காக்களின் முடிச்சுக் கயிறு பற்றி உதவி வேண்டும்

வணக்கம் நண்பர்களே. எங்கள் ஊர் நூலகத்தில் பிள்ளைகளுக்கு உலக வரலாறு சொல்லித் தருகிறேன். எழுத்தே இல்லாமல் தென் அமெரிக்காவின் இன்காக்கள் அவ்வளவு பெரிய பேரரசை எப்படி ஆண்டார்கள் என்று ஒரு மாணவி கேட்டாள். அருமையான கேள்வி, ஒழுங்காகப் பதில் சொல்ல ஆசை.

கிப்பு என்ற முடிச்சுக் கயிற்றில் எண்கள் வரைக்கும் சொல்லிவிடலாம்: பருத்தியிலோ அல்பாகா மாதிரி விலங்குகளின் ரோமத்திலோ திரித்த கயிறுகள், ஒவ்வொன்றிலும் அடியில் ஒன்றுகளுக்கான முடிச்சுகள், மேலே போகப் போக பத்து, நூறு, ஆயிரம், பூஜ்ஜியம் வரும் இடத்தில் முடிச்சே போடாமல் வெறுமனே விட்டுவிடுவார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க ஆய்வாளர் லெலண்ட் லாக் இதை விளக்கினார். மக்கள்தொகை, கிடங்கில் இருந்த தானியம் எல்லாமே இப்படித்தான் கணக்கில் வந்தது. ஸ்பானியர்கள் வந்த பிறகும் அந்த ஊர் மக்கள் நீதிமன்றத்தில் இந்தக் கயிறுகளை வைத்துச் சாட்சி சொல்லியிருக்கிறார்கள்!

அப்புறம் இந்த எண் முறைக்குள் அடங்காத கிப்புகளும் இருக்கின்றன. பெருவின் கொயாட்டா கிராமத்துக் கிப்புகள் கடிதங்களாக இருக்கலாம் என்று 2017இல் மானிடவியலாளர் சபைன் ஹைலண்ட் எழுதினார். இதை 12 வயதுப் பிள்ளைகளுக்குப் புரிகிற மாதிரி எப்படிச் சொல்வது? தமிழில் நல்ல கட்டுரை இருந்தால் அனுப்புங்கள். வகுப்பில் கிப்பு கட்டிப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் எந்த நூல் முடிச்சுக்குச் சரியாக நிற்கும் என்றும் சொல்லுங்கள், அடுத்த சனிக்கிழமை வகுப்பு.