அம்மாவோடு ஒரு நாள்: யப்பானில் எந்தக் கோயில்கள்?

கொக்குவில் மகள்

வணக்கம். வருடப்பிறப்பு முடிந்ததும் ஏப்ரல் கடைசியில் அம்மாவோடு டோக்கியோ போகிறேன். தம்பி அங்கே வேலை செய்கிறான், அவனுக்கு லீவு குறைவு. அதனால் ஒரே ஒரு நாள் நானும் அம்மாவும் வழிகாட்டி ஒருவரோடு பழைய கோயில்களைப் பார்க்கலாம் என்று இருக்கிறோம். அம்மாவுக்கு 69 வயது. நல்லூர்த் திருவிழாவுக்கு 25 நாளும் நடந்தே போய் வருவார், ஆனால் படி என்றால் முழங்கால் விடாது. சுத்த சைவம், முட்டையும் இல்லை.

தம்பி ஒரு சுற்றுலாத் திட்டம் அனுப்பியிருக்கிறான். விடியக் காலையில் டோக்கியோவில் புல்லட் ரயில் ஏறி, கியோத்தோவில் மூன்று கோயில், பின்னேரம் நாராவில் மான்களும் பெரிய புத்தரும், இரவு திரும்பி வீடு. இது அம்மாவுக்குச் சரிவருமா? அவர் கேட்பது வேறு: "புத்த கோயிலுக்குள்ளே நான் போய் என்ன செய்யிறது? கும்பிடலாமோ?" எனக்கும் பதில் தெரியவில்லை. போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

சுன்னாகம் அக்கா

தங்கச்சி, தம்பியிடம் அந்தத் திட்டம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். டோக்கியோவில் இருந்து கியோத்தோவுக்குப் போகவே இரண்டேகால் மணி நேரம் வேண்டும். திரும்பவும் அதே. மிச்ச நேரத்தில் நாலு இடம் என்றால் அம்மா வழிகாட்டியின் கொடியைத்தான் பார்த்துக்கொண்டு ஓடுவார்.

நான் 2018 இல் அப்பாவைக் கூட்டிப் போனேன். அப்பா ஓய்வுபெற்ற ஆசிரியர், அப்போது 74 வயது. கியோத்தோவில் இப்படித்தான் ஒரு பஸ் சுற்றுலாவில் ஏறினோம். கியோமிசு கோயிலுக்கு 40 நிமிடம் என்றார்கள். மலைச்சரிவில் 13 மீற்றர் உயரத்துக்கு மரத்தூண்களை நிறுத்தி, அதன்மேல் ஆணி அடிக்காமல் கட்டிய மேடை அது. இப்போது நிற்பது 1633 இல் கட்டியது. அப்பா அதைப் பற்றி முதல் நாள் இரவே வாசித்து வைத்திருந்தார். ஆனால் பஸ் நிற்கும் இடத்தில் இருந்து கடைகளுக்கு நடுவே ஏற்றமான தெரு. நாங்கள் சிவப்பு வாசலுக்குப் போய்ச் சேரும்போது திரும்புகிற நேரம் வந்துவிட்டது. பஸ்ஸில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே "வாசல் பார்த்தது காணும் பிள்ளை" என்றார். அந்தச் சொல்லை இன்றைக்கு நினைத்தாலும் நெஞ்சு கனக்கிறது.

ஆகவே உங்களுக்கு நான் சொல்வது காமகுரா. டோக்கியோவில் இருந்து ரயிலில் ஒரு மணி நேரம். அங்கே எனோதென் என்ற சின்ன ரயிலில் மாறி மூன்றாவது நிறுத்தம், ஹசே. காமகுராவிலும் ஒரு பெரிய புத்தர் இருக்கிறார். அவரும் ஹசேதெரா கோயிலும் அங்கிருந்து நடக்கும் தூரம்தான். இரண்டே இரண்டு இடம், முழு நாள்.

டோக்கியோ திரும்பிய பிறகு அப்பாவும் நானும் அப்படித்தான் போனோம். எங்களுக்கு வந்த வழிகாட்டி எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா. நல்லெண்ண வழிகாட்டிகள் என்று சம்பளம் வாங்காமல் வருபவர்கள் அங்கே இருக்கிறார்கள். அவர்களுடைய பயணச் செலவு, நுழைவுச் சீட்டு, மதியச் சாப்பாடு நாம் கொடுப்பது வழக்கம். முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டும். அவர் அப்பாவின் நடைக்கு நடந்தார், அப்பா நின்றால் நின்றார். வழிகாட்டியை அந்த ஒரு குணத்துக்காகத் தேடுங்கள்.

பெரிய புத்தர் வெண்கலம், 11 மீற்றருக்கு மேல் உயரம், 1252 இல் வார்க்கத் தொடங்கியது. மேலே கூரை இல்லை. முன்பு மண்டபம் இருந்ததாம், 1498 இல் கடல் பொங்கி அடித்துக்கொண்டு போனதாகச் சொல்கிறார்கள். 2004 இல் வடமராட்சி கிழக்கில் கடல் செய்ததைப் பார்த்த நமக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. சிலைக்குள்ளே போகலாம். சுவரில் கை வைத்தேன், வெயிலில் வெண்கலம் இளஞ்சூடாக இருந்தது. அடுக்கடுக்காக வார்த்து ஒட்டிய கோடுகள் உட்புறம் தெளிவாகத் தெரிகின்றன.

அதே வளவில் ஒரு கல் இருக்கிறது. 1951 இல் சான்பிரான்சிஸ்கோ சமாதான மாநாட்டில் இலங்கையின் பிரதிநிதியாக ஜே.ஆர். ஜயவர்த்தன யப்பானிடம் நட்டஈடு வேண்டாம் என்று பேசியதற்கு நன்றியாக வைத்தது. வெறுப்பை வெறுப்பால் தணிக்க முடியாது, அன்பால்தான் தணியும் என்ற தம்மபத வரியை அவர் அன்று எடுத்துச் சொன்னார், அது கல்லில் இருக்கிறது. அப்பா அதை இரண்டு தரம் வாசித்தார். பிறகு வெகுநேரம் பேசவில்லை. நானும் கேட்கவில்லை.

இனி உங்கள் அம்மாவின் கேள்வி. ஹசேதெராவில் பென்தென் குகை என்று ஒன்று உண்டு. பென்சைதென் என்பது வேறு யாருமில்லை, நம்முடைய சரஸ்வதி! பௌத்தத்தோடு சீனா வழியாக அங்கே போய்ச் சேர்ந்தவள். கையில் வீணைக்குப் பதில் பீவா என்ற அவர்களுடைய தந்தி வாத்தியம். வழிகாட்டி அம்மா "சரசுவாதி" என்று ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லி அப்பாவின் முகத்தைப் பார்த்தார். குகைக்குள் ஈரப் பாறையில் செதுக்கிய உருவங்கள், மெழுகுதிரி வெளிச்சம், ஆட்கள் நேர்ந்து வைத்த விரலளவு சிலைகள். அப்பா குனிந்தபடியே ஒரு கையைப் பாறையில் ஊன்றி, வாணி விழாவுக்குப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பாடும் பாட்டை மெதுவாகச் சொன்னார். வழிகாட்டி அம்மா அது முடியும் வரை கைகூப்பி நின்றார்.

கும்பிடலாமோ என்று கேட்கும் அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்.

வண்ணார்பண்ணை அண்ணா

அக்கா சொன்னது சரி, காமகுராவே போங்கள். ஆனால் எப்போதாவது கியோத்தோவில் இரண்டு இரவு தங்கக் கிடைத்தால் நாராவை விடாதீர்கள். தரை பெரும்பாலும் சமம், முழங்காலுக்கு நல்லது. அங்கே தோதாய்-ஜி கோயிலில் உள்ள பெரிய புத்தருக்கு 752 இல் கண் திறந்தவர் போதிசேனர் என்ற இந்தியத் துறவி. அவர் பிடித்த தூரிகையில் நீண்ட கயிறுகளைக் கட்டி, கூடியிருந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள், எல்லோருக்கும் அந்தப் புண்ணியத்தில் பங்கு கிடைக்கட்டும் என்று. ஊரில் கும்பாபிஷேகத்துக்கு முன் சிற்பாசாரியார் கண் திறப்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அங்கே நின்றபோது அந்நிய இடம் என்ற எண்ணமே வரவில்லை.

கொக்குவில் மகள்

அக்கா, அண்ணா, மிக்க நன்றி. காமகுரா என்று முடிவு செய்துவிட்டோம், ஏப்ரல் 30 போகலாம் என்கிறான் தம்பி. சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

யோகோகாமாவில் ஆறு வருடம்

முதலில் திகதியை மாற்றுங்கள். ஏப்ரல் 29 முதல் மே 5 வரை அங்கே கோல்டன் வீக், நாடே விடுமுறையில் ஊர் சுற்றும். எனோதென் ரயிலில் ஏறவே வரிசையில் நிற்க வேண்டி வரும். 28 க்கு முன் ஒரு வார நாளில் காலை வெள்ளனப் போங்கள்.

சாப்பாட்டில் கவனம் தேவை. இறைச்சி இல்லை, மீன் இல்லை என்று சொன்னாலும் சூப்பில் 'தாஷி' இருக்கும். அது பெரும்பாலும் கட்சுவோபுஷி என்ற காய்ந்த மீனில் எடுத்த சாறு. நம்முடைய மாசியும் அதே சூரை மீன்தான். அம்மாவிடம் "மாசி போட்ட சூப்" என்று சொன்னால் உடனே விளங்கும். உடோன் என்ற நூடில்ஸ், மிசோ சூப் எல்லாவற்றிலும் கேட்டுத்தான் குடிக்க வேண்டும். மடாலயச் சாப்பாடான ஷோஜின் ரியோரி கிடைத்தால் நிம்மதி. அதில் மீன் சாறும் இல்லை, வெங்காயம் உள்ளியும் இல்லை, விரதச் சாப்பாடு போலவே இருக்கும். இல்லாவிட்டால் வீட்டிலிருந்து கட்டுச்சோறு கொண்டு போங்கள். தெருவில் நடந்தபடி சாப்பிடாமல் எங்காவது உட்கார்ந்து சாப்பிடுங்கள், ஹசே பக்கம் பருந்துகள் கையில் இருப்பதைப் பறிக்கும்.

கைலேஞ்சி ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள். பல கழிப்பறைகளில் கை துடைக்க எதுவும் இருக்காது.

கொக்குவில் மகள்

27 ஆம் திகதிக்கு மாற்றியாயிற்று. அக்கா எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். சரஸ்வதி குகை என்றதும் எழும்பி உட்கார்ந்துவிட்டார். இப்போது ஒரே கேள்வி, அந்தக் குகைக்குள் எவ்வளவு குனிய வேண்டும்?

சுன்னாகம் அக்கா

சில இடங்களில் நன்றாகக் குனிய வேண்டும், ஆனால் நிலம் சமம், குகைக்குள் படி ஏறும் வேலை இல்லை. குகை கீழ் வளவில்தான். கருணையின் வடிவான கன்னொன் இருக்கும் மண்டபம் மேலே, அதற்குத்தான் படி. முதலில் குகைக்குக் கூட்டிப் போங்கள், முழங்கால் களைக்க முன்.