சித்தி சிம்மில் வைத்துவிட்டுப் போன அடுப்பு

எனக்குப் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. பாளையங்கோட்டையில் பள்ளி ஆசிரியை. பதினோரு வருஷமாகக் கேஸ் அடுப்பில் தனியாகச் சமைக்கிறேன். இதுவரை பலமாகச் சுட்டுக்கொண்டது இரண்டே தடவை. அதிலும் ஒன்று அயர்ன் பாக்ஸில்.

போன மாதம் ஊரிலிருந்து சித்தி வந்திருந்தார். ரசத்துக்குத் தாளிக்க எண்ணெய் வைத்துவிட்டு இரண்டு கடுகைப் போட்டுக் காத்திருந்தேன். அந்த இரண்டும் வெடித்தால்தான் மீதியைப் போடுவேன். வெகுநேரம் சத்தமே இல்லை. கடுகு வெளியே விழுந்துவிட்டதோ என்று இன்னும் இரண்டு போட்டேன். அதுவும் கப்சிப். பக்கத்து பர்னரில் குக்கர் இரைந்துகொண்டிருந்ததால் எதுவும் பிடிபடவில்லை. விசில் அடங்கியதும் காதைக் கொடுத்துக் கேட்டால், வாணலிக்கு அடியில் தீயின் சத்தம் மெலிந்து கிடக்கிறது. சித்தி ஓசைப்படாமல் வந்து சிம்மில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

“ஏட்டி, ரொம்ப எரிஞ்சுது, நாந்தான் குறைச்சு வச்சேன்” என்றார், ஏதோ உதவி செய்த குரலில்.

கண் தெரிந்தவர்கள் அடுப்பைத் திரும்பிப் பார்த்தாலே நிலவரம் தெரிந்துவிடும். நானோ கடைசியாக எந்த நிலையில் விட்டேனோ அதே நிலையில் அது இருக்கும் என்று நம்பி அடுத்த வேலைக்குப் போகிறேன். கைப்பிடித் துணியை நகர்த்தினாலும் இதே கதைதான். தொடாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. தொட்டால் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

எப்படிப் பற்ற வைக்கிறாய் என்று எல்லோரும் கேட்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். முதலில் பாத்திரம், அப்புறம்தான் தீ. அடுப்பு குளிர்ந்திருக்கும்போதே பாத்திரத்தை வைத்து, பர்னர் ஸ்டாண்டின் கால்கள் சுற்றிலும் ஒரே அளவு வெளியே நீள்கின்றனவா என்று விரலால் தடவிப் பார்த்துக்கொள்வேன். லைட்டர் முனையை பர்னர் ஓரத்தில் வைத்து, சொடுக்கத் தொடங்கிய பிறகே நாப்பை அழுத்தித் திருப்புவேன். திருப்பிவிட்டு லைட்டரைத் தேடினால் அதற்குள் கேஸ் சேர்ந்துவிடும். எங்கள் அடுப்பில் நாப் மேல்நோக்கி இருந்தால் அணைந்திருக்கிறது, இடப்பக்கம் படுத்திருந்தால் முழுத் தீ, அதையும் தாண்டிக் கீழே போனால் சிம். நாப்பின் முனையில், பிசைந்து ஒட்டினால் இறுகிவிடும் எம்-சீலில் ஒரு சின்னப் பொட்டு ஒட்டியிருக்கிறேன். மூன்று சொடுக்கில் ‘பக்’ என்று பிடிக்கவில்லையென்றால் நாப்பை மூடிவிட்டு, ஜன்னலைத் திறந்து, கொஞ்ச நேரம் சும்மா நிற்பேன்.

இண்டக்‌ஷன் வாங்கு, பயமில்லை என்று ஆளாளுக்கு அறிவுரை. ஒன்று வாங்கியும் பார்த்தேன். கண்ணாடிப் பலகை மாதிரி வழுவழுவென்று இருக்கிறது, பட்டன் எங்கே என்று விரலுக்குத் தெரியவில்லை. சூட்டை ஏற்றினாலும் இறக்கினாலும் ஒரே ‘பீப்’. இப்போது அது பரணில் இருக்கிறது. பாலுக்கு மட்டும் விசில் வைத்த பால் குக்கர்.

*

பாளையங்கோட்டை ஆசிரியை எழுதியதைப் படித்தேன். நான் மதுரையிலிருந்து எழுதுகிறேன். எனக்கு முப்பது வயதுக்கு மேல்தான் பார்வை போனது. காதைவிட மூக்கைத்தான் அதிகம் நம்பிச் சமைத்தேன். 2021-இல் கொரோனா வந்து அந்த மூக்கும் போனது. காப்பித்தூள் டப்பாவைத் திறந்து முகர்ந்தால் வெறும் காற்று.

ஒருநாள் காலை பால்காரர் வாசலிலேயே நின்று, “அண்ணே, கேஸ் நாத்தம் அடிக்குதே” என்றார். சமையல் கேஸுக்கு இயல்பில் வாடை கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்றுதான் எத்தில் மெர்காப்டன் என்ற பொருளைக் கலக்கிறார்கள். அந்த ஏற்பாடு அன்றைக்கு எனக்கு உதவவில்லை. சிலிண்டருக்குப் போய் ரெகுலேட்டரை மூடினேன், கதவு ஜன்னலைத் திறந்தேன், ஒரு ஸ்விட்சையும் தொடாமல் தெருவுக்கு வந்து கேஸ் கசிவுக்கான அவசர எண் 1906-க்குப் போன் போட்டேன். அடுப்புப் பக்கம் ரப்பர் டியூப் மாட்டியிருந்த இடத்தில் வெடிப்பு. முந்தின வாரம்தான் அதைத் துடைத்திருந்தேன், ஆனால் நுனிவரை விரல் விட்டுப் பார்க்கவில்லை.

மறுநாளே கசிவு அலாரம் வாங்கினேன். கடைக்காரர் அதை மேலே, டியூப்லைட் பக்கத்தில் மாட்டச் சொன்னார். சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடுதான் பரவும் என்று சொல்லி முழங்காலுக்குக் கீழே மாட்ட வைத்தேன். இரண்டு மாதம் கழித்து வாசனை திரும்பியது. முதலில் வந்தது பெருங்காயம்.

*

நீங்கள் இருவர் எழுதியதையும் படித்தேன். எனக்கு அரைகுறைப் பார்வை. அதுதான் வம்பே. பகலில் ஜன்னல் வெளிச்சம் அடிக்கும்போது நீலத் தீ எனக்குத் தெரியவே தெரியாது. தெரிகிற கொஞ்சத்தை நம்பி, அணைந்திருக்கிறது என்று எட்டி டம்ளரை எடுத்தேன், துப்பட்டா ஓரம் கருகியது. இப்போது சமைக்கும்போது துப்பட்டா ஆணியில், என் கண் எதைக் காட்டினாலும் கை நாப்பைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் நம்புகிறேன். அந்த எம்-சீல் யோசனைக்கு நன்றி அக்கா. நான் நெயில் பாலிஷ் வைத்துப் பார்த்தேன், ஒரே வாரத்தில் தேய்ந்துவிட்டது.

*

பாளையங்கோட்டையிலிருந்து மறுபடியும் நான். சித்தி இந்த வாரமும் வந்திருக்கிறார். இப்போது சமையலறைக்குள் கால் வைக்கும்போதே, பஸ் கண்டக்டர் ஸ்டாப் பேர் சொல்கிற மாதிரி, “சித்தி வாரேன், தண்ணி எடுக்கேன், அடுப்பத் தொடல” என்று சத்தம் கொடுத்துக்கொண்டே வருகிறார்.