இன்வெர்ட்டர் வாங்குவதா, நாமே செய்வதா? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

தேவனாம்பட்டினம்காரன்:
தானே புயல் அடித்த 2011 டிசம்பர் 30க்கு அப்புறம் எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர வாரக்கணக்கில் ஆனது. மச்சான் எலக்ட்ரானிக்ஸ் படித்தவர். பேட்டரி கரண்ட்டை மாற்றி மாற்றி விட 4047 ஐசியும் மாஸ்ஃபெட்டும், வோல்ட்டை ஏற்றப் பழைய 12-0-12 டிரான்ஸ்ஃபார்மர், கூடவே டிராக்டர் பேட்டரி. ஒரே ராத்திரியில் இன்வெர்ட்டர் ரெடி. குண்டு பல்பு எரிந்ததும் அம்மா அழுதே விட்டார். கொசுக்கடி தாங்காமல் ஃபேனையும் போட்டோம். சுற்றியது, ஆனால் உறுமியது. ரெகுலேட்டரைத் திருப்பத் திருப்ப உறுமல் ஏறியது. நிறுத்திவிட்டு ஃபேன் நடுவில் மோட்டாரைத் தொட்டுப் பார்த்தேன், கை வைக்க முடியவில்லை. அந்தச் சத்தம் இன்னும் காதிலேயே இருக்கிறது. கடையில் வாங்குவதுதான் சரி.

லாஸ்பேட்டைவாசி:
பாவம், மச்சான்மேல் பழி போடாதீர்கள். உறுமியதற்குக் காரணம் ஸ்கொயர் வேவ், அதாவது கரண்ட் அலையாக ஏறி இறங்காமல் கட்டம் கட்டமாகக் குதிப்பது. கடையில் மலிவாகக் கிடைப்பதிலும் அதேதான் வரும். ஃபெஞ்சல் புயலுக்குப் புதுச்சேரியில் ஏறக்குறைய 48 செ.மீ. மழை கொட்டியதே, அன்று எங்கள் வீட்டுக் கடை இன்வெர்ட்டரும் இப்படித்தான் கத்தியது. வாங்கினால் லைன் கரண்ட் போலச் சீரான அலை தரும் சைன் வேவ் வாங்குங்கள்.

ஆனால் ரவுட்டருக்கு இன்வெர்ட்டரே எதற்கு? 12 வோல்ட்டை 230 ஆக்குகிறோம், அடாப்டர் அதைத் திரும்ப 12 ஆக்குகிறது. இரண்டு இடத்திலும் நட்டம். நான் பேட்டரியிலிருந்து ஃப்யூஸும், வோல்ட்டை ஒரே அளவில் நிறுத்தும் ஒரு டிசி கன்வெர்ட்டரும் வைத்து நேராகக் கொடுத்திருக்கிறேன். கன்வெர்ட்டரை விட்டுவிடக் கூடாது, சார்ஜ் ஏறும்போது பேட்டரி 14 வோல்ட்டைத் தாண்டும். கேட்டுக்கு வெளியே முழங்கால் தண்ணீர் நிற்க, எங்கள் மாடிப்படியில் உட்கார்ந்து பக்கத்து வீட்டு அக்கா சிங்கப்பூரில் இருக்கும் மகனிடம் பேசினார். "நல்லா இருக்கேன்டா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

திருப்பாதிரிப்புலியூர் எலக்ட்ரீஷியன்:
சைன், ஸ்கொயர் எல்லாம் அப்புறம். தானே சமயத்தில் எங்கள் பக்கத்தில் ஒரு வீடு. செய்த இன்வெர்ட்டரிலிருந்து இரண்டு பக்கமும் பிளக் வைத்த வயரைச் சுவர் பாயிண்டில் சொருகியிருந்தார்கள். மெயினை இறக்கவில்லை. போஸ்டிலிருந்து அறுந்து கிடந்த சர்வீஸ் வயரை எடுக்க வந்த லைன்மேன், ஊரே இருட்டாக இருந்தும் டெஸ்டரை வைத்துப் பார்த்தார். எரிந்தது. வீட்டு இன்வெர்ட்டர் கரண்ட் வயரிங் வழியாக வெளியே வந்திருந்தது. அப்படியே பின்னால் நகர்ந்து நின்றார். அவர் முகம் எனக்கு மறக்கவில்லை.

செய்கிறவர்கள் தயவுசெய்து கேளுங்கள். லைன் கரண்ட், இன்வெர்ட்டர் இரண்டில் ஒன்றை மட்டும் வீட்டோடு இணைக்கும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இல்லாமல் வீட்டு வயரிங்கில் கொடுக்காதீர்கள். இல்லையென்றால் தனி போர்டு வைத்து அதிலிருந்து மட்டும் எடுங்கள். 600 வாட் இழுத்தால் 12 வோல்ட் பக்கம் 50 ஆம்பியருக்கு மேல் ஓடும். சாதாரண வீட்டு வயர் உருகிவிடும், தடித்த பேட்டரி கேபிள்தான் போட வேண்டும். ஃப்யூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். சார்ஜ் ஏறும்போது தீப்பிடிக்கக்கூடிய ஹைட்ரஜன் வாயு வரும், பூஜையறைக்குள்ளோ கட்டிலுக்கு அடியிலோ பேட்டரியை வைக்காதீர்கள். நம் ஊர் உப்புக் காற்றில் டெர்மினல் பச்சை பூத்துவிடும். சுத்தம் செய்து வாஸ்லின் தடவுங்கள். டிஸ்டில்டு வாட்டர் தவிர வேறெதையும் ஊற்றாதீர்கள், போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம்.

தேவனாம்பட்டினம்காரன்:
லாஸ்பேட்டை நண்பரே, மச்சானைக் குறை சொல்லவில்லை. இருட்டில் தவித்தபோது வெளிச்சம் கொடுத்தது அவர்தான். ஃபேன் ஓடுகிற வீட்டுக்கு அது போதாது என்றுதான் சொல்கிறேன்.

மஞ்சக்குப்பம் அம்மணி:
ரவுட்டருக்கு நேராகக் கொடுக்கிறவர்கள் அடாப்டரின் அடியில் எழுதியிருப்பதைப் படியுங்கள். எங்கள் வீட்டில் இருப்பது 9 வோல்ட். 12 என்று நினைத்துக் கொடுக்கப் போன தம்பியைக் கடைசி நேரத்தில் தடுத்தேன்.