கிராஞ்சியில் மலர்வளையம் வைத்த அனுபவம் (போய் வந்தவர்கள் உங்களுடையதையும் எழுதுங்கள்)

நவம்பர் இரண்டாவது ஞாயிறு, போரில் இறந்தவர்களை நினைவுகூரும் நாள். இடம் சிங்கப்பூர் கிராஞ்சி போர் நினைவிடம். எங்கள் பள்ளிச் சாரணர் குழு சார்பில் மலர்வளையம் வைக்க என்னை அனுப்பினார்கள். ஒத்திகையில் சொல்லித் தந்ததெல்லாம் காலைப் பற்றித்தான். முழங்காலை விறைப்பாக வைக்காதே, ஷூவுக்குள் விரலை அசைத்துக்கொண்டே இரு, இல்லாவிட்டால் மயங்கி விழுவாய். பியூகிள் ஊதி முடிந்து மௌனம் தொடங்கியதும் அதன் அருமை புரிந்தது.

சுற்றிலும் தூதரக ராணுவ அதிகாரிகள். அவர்கள் எல்லா விரலையும் சேர்த்து சல்யூட் அடிக்கிற இடத்தில் நான் மட்டும் மூன்று விரல்! கூச்சமாகத்தான் இருந்தது. திரும்பி வரும்போது மெடல்களோடு சக்கர நாற்காலியில் இருந்த வெள்ளைக்காரப் பெரியவர் ஒருவர் சிரித்தபடி அதே மூன்று விரலை உயர்த்திக் காட்டினார். அவரும் சின்ன வயதில் சாரணராம்.

அவர்தான் பின்பக்கம் போய்ப் பார்க்கச் சொன்னார். முன்னால் உள்ள பெரிய சுவர்களில், இரண்டாம் உலகப் போரில் இறந்து கல்லறை தெரியாத 24,000க்கும் அதிகமானவர்களின் பெயர்கள். அதில் இந்திய ராணுவத்தினர் ஏராளம். பின்னால் தகன நினைவுச்சின்னம் தனியாக இருக்கிறது. அவரவர் சமய முறைப்படி எரியூட்டப்பட்ட கிட்டத்தட்ட 800 பேருக்கானது, பெரும்பாலும் இந்தியப் படையினர். 1942இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் சரணடைந்த நாளான பிப்ரவரி 15ஐப் பள்ளியில் வருடம் தவறாமல் அனுசரிக்கிறோம், இதை யாரும் சொன்னதில்லை. சொல்லியிருக்க வேண்டாமா?

—

அண்ணே, நான் என்சிசி. பிப்ரவரி 15 அன்று, ஜப்பானியர் ஆட்சியில் கொல்லப்பட்ட பொதுமக்களுக்கான பீச் ரோடு நினைவுச்சின்னத்துக்குப் போனேன். சீனர், மலாய்க்காரர், இந்தியர், யுரேஷியர் என்று நான்கு தூண்கள், 1967இல் திறந்தது. அடியில் 600க்கும் மேற்பட்ட தாழிகளில் எலும்புகள் இருக்கின்றன. எல்லாச் சமயத்தாரும் வரிசையாகப் பிரார்த்தனை செய்தார்கள். கூட்டம் கலைந்தபின் ஒரு சீனப் பாட்டி என் கையில் பாக்கெட் பானத்தைத் திணித்துவிட்டு, தூணைக் காட்டி “பாப்பா” என்றார். அப்பாவைச் சொல்கிறார். எனக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை, நின்றேன். அன்று மாலை 6.20க்குச் சரணடைந்த நேரத்தைக் குறிக்கும் சைரன் ஒலித்தபோது நான் வீட்டில் இருந்தேன், டிவியை அணைத்துவிட்டேன்.

—

தம்பி, பாட்டியிடம் நீ ஒன்றும் சொல்லாததே சரி. கிராஞ்சி போகிறவர்கள் கவனத்துக்கு: எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம், ஆனால் மழைக்காலம், புல் நனைந்திருக்கும். ஷூ பாலிஷ் துணியைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பாப்பிக்கு (நினைவாகக் குத்திக்கொள்ளும் சிவப்புப் பூ) ஊசி இரண்டு எடுத்துப் போங்கள், ஸ்கார்ஃபில் ஒன்று நிற்காது.