பாலத்துக்குப் பாலம் கியர் மாற்றிய காலம்

சென்னையில் மாடி பஸ் ஓட்டியவர்கள் பேச ஆரம்பித்தால் முதலில் உயரத்தைத்தான் சொல்வார்கள். அந்தக் காலத்துச் சென்னை அரசு பஸ் கழகமான பல்லவனில் ஓட்டிய எங்கள் ஊர்க்காரர் ஒருவர் பொங்கலுக்கு வரும்போதெல்லாம் அந்தக் கதைதான். எந்த ரோட்டில் மரக்கிளை தாழ்ந்து நிற்கிறது, திருப்பத்தில் வண்டி எப்படிச் சாய்கிறது, மேல் தளத்தில் யாரையும் நிற்க விடாமல் கண்டக்டர் எப்படி உட்கார வைப்பார் என்று சொல்லிக்கொண்டே இருப்பார். மேலே ஆள் நின்றால் பாரம் உயரத்துக்குப் போய்விடும், வளைவில் ஆபத்து. எங்கள் பக்கம் மாடி பஸ் கிடையாது. நான் 1980-களில் ஓட்டியது ஒரு தனியார் கம்பெனியின் பழைய லேலண்ட், கும்பகோணம் - மன்னார்குடி தடம். எங்கள் கதையெல்லாம் பாலத்தில்தான் தொடங்கும்.

டெல்டா தட்டையான பூமியாயிற்றே, அங்கே கியருக்கு என்ன வேலை என்று மலைப்பக்கத்து டிரைவர்கள் கேட்பார்கள். அரசலாறு, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, கோரையாறு என்று ஆற்றுக்கு ஆறு பாலம். கரைக்கு மேலே தூக்கிக் கட்டிய பழைய பாலங்கள். ஏறும் இடம் குறுகல், எதிரே வைக்கோல் வண்டி வந்தால் முகப்பிலேயே நின்றாக வேண்டும். நின்ற வண்டியை நிறைந்த கூட்டத்தோடு மறுபடி கிளப்பி மேலே ஏற்ற வேண்டும்.

இப்போது போல அன்றைய கியர் லேசில் விழாது. கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, கிளட்சை விட்டு, ஆக்சிலேட்டரை ஒரு தட்டு தட்டி எஞ்சினை வேகம் ஏற்றி, மறுபடி கிளட்சை மிதித்துக் கீழ் கியருக்குத் தள்ள வேண்டும். இதைத்தான் டபுள் கிளட்ச் என்போம். அந்த ஒரு தட்டு கூடினாலும் குறைந்தாலும் பல்லோடு பல் உரசும் சத்தம் கடைசி சீட்டு வரை கேட்கும். எவ்வளவு தட்ட வேண்டும் என்று காட்ட எந்த மீட்டரும் இல்லை, எஞ்சின் சத்தம்தான் கணக்கு. அந்தச் சத்தமும் வண்டிக்கு வண்டி மாறும். நேற்று ஒரு வண்டியில் பழகிய காதை இன்று இன்னொரு வண்டிக்குப் பழக்க வேண்டும். சரியான இடத்தில் பிடித்துவிட்டால் கியர் வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி விழும். அந்த நிமிஷத்துக்காகவே அந்த வேலையை நான் நேசித்தேன்.

ஒரு வண்டியில் டாப் கியர் தானாகக் கழன்றுவிடும். பள்ளத்தில் இறங்கி ஏறினால் போதும், லீவர் நியூட்ரலுக்கு வந்து நிற்கும். இடது கையால் லீவரைப் பிடித்துக்கொண்டு, பவர் இல்லாத கனத்த ஸ்டியரிங்கை ஒற்றைக் கையால் ஒடிக்க முடியாது. சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி லீவரை இழுத்துக் கட்டி ஓட்டுவோம். இன்னொரு வண்டியில் ஸ்டாப் கம்பி அறுந்துபோகும். டீசல் எஞ்சின் சாவியைத் திருப்பினால் நிற்காது. அந்தக் கம்பியை இழுத்துப் பம்புக்குப் போகும் டீசலை நிறுத்த வேண்டும். கம்பி இல்லாத நாளில் டாப்பில் போட்டு பிரேக்கை மிதித்தபடி கிளட்சை விட்டால் ஒரு உலுக்கு உலுக்கி அணையும்.

செல்ஃப் ஸ்டார்ட்டர் எடுக்காத வண்டிக்கு டெல்டா ரொம்பக் கொடுமை. இறக்கத்தில் நிறுத்தி உருட்டிக் கிளப்ப ஊருக்குள் இறக்கமே கிடையாது. நைட் ஹால்ட் போட்ட கிராமத்தில் காலையில் கீரைக்கூடையோடு முதல் பஸ்ஸுக்கு வருகிறவர்கள்தான் தள்ளிக் கொடுப்பார்கள். அதனால் நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் எவ்வளவு நேரம் நின்றாலும் எஞ்சினை அணைக்க மனம் வராது. எஞ்சினை மூடியிருக்கும் பானெட் நமக்குப் பக்கத்திலேயே, அனல் இடது தொடையைச் சுடும்.

அப்புறம் உளுந்து. பங்குனி, சித்திரையில் நெல் அறுத்த வயலில் விளைந்த தரிசு உளுந்தைப் பிடுங்கிச் செடியோடு ரோட்டில் பரப்பிவிடுவார்கள், டயர் ஏறினால் தானாக உதிரும் என்று. தை மாதத்தில் வைக்கோல். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை, களம் இல்லாத ஊரில் பாவம் என்ன செய்வார்கள்? ஆனால் டிரைவருக்கு அது கண்டம். உதிர்ந்த உளுந்து டயருக்கு அடியில் உருளும், அதன் மேல் பிரேக் பிடித்தால் வண்டி வழுக்கும். பரப்பல் வருமுன்னே வேகத்தைக் குறைத்து, பிரேக் தொடாமல் கடக்க வேண்டும். கொடி, வண்டிக்கு அடியில் பின்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ஜாயிண்ட் ஷாஃப்ட்டில் சுற்றிக் கயிறாக இறுகிக்கொள்ளும். வைக்கோல் என்றால் இன்னும் மோசம், சூடான சைலன்ஸரில் பட்டால் பற்றிக்கொள்ளும். கருகல் வாடைக்கு எப்போதும் மூக்கு காத்திருக்கும். சீட்டுக்கு அடியில் ஒரு கருக்கரிவாள் இருக்கும். வண்டியை ஓரம் கட்டி, அடியில் மல்லாந்து படுத்து, சுற்றியதை இழை இழையாக அறுத்து எடுப்பேன்.

மழைக்காலத்தில் ரோட்டில் ஓடும் தண்ணீர் சக்கரத்தின் பிரேக் டிரம்முக்குள் போய்விட்டால் பிரேக் பிடிக்காது. தண்ணீரைத் தாண்டியதும் பிரேக்கை லேசாக மிதித்தபடியே மெதுவாகப் போனால் சூட்டில் பிரேக் லைனர் காயும்.

எல்லாவற்றிலும் அடிக்கடி வந்தது ஏர் பிடிப்பதுதான். டேங்கில் டீசல் குறைந்தாலோ பைப் இணைப்பு தளர்ந்தாலோ லைனில் காற்று ஏறி எஞ்சின் விக்கி விக்கி நிற்கும். ஃபில்டர் மேலிருக்கும் ஏர் ஸ்க்ரூவை ஸ்பேனரால் தளர்த்தி, ஃபீட் பம்பின் கைநெம்பைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் நுரைதான் பொங்கும். அப்புறம் குமிழி குறைந்து, டீசல் தெளிவாக வழியும்போது ஸ்க்ரூவை இறுக்க வேண்டும். ஒருவர் தட்ட, ஒருவர் இறுக்க என்று இரண்டு ஆள் இருந்தால் சீக்கிரம் முடியும்.

1972-ல் கும்பகோணத்தில் அரசின் சோழன் போக்குவரத்துக் கழகம் வந்த பிறகு தனியார் வண்டிக்கும் சோழனுக்கும் டைமிங் தகராறு ஸ்டாண்டில் தினமும் நடக்கும். 1997-ல் பெயரை மாற்றிய பிறகும் எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்கு அது சோழன் பஸ்தான். ஸ்டாண்டில் எவ்வளவு சண்டை போட்டாலும், வழியில் பானெட்டைத் திறந்து வைத்திருக்கிற வண்டியைப் பார்த்தால் சோழன் டிரைவர் நிறுத்தாமல் போனதில்லை. வலங்கைமானுக்கும் ஆலங்குடிக்கும் நடுவில் ஒருமுறை நான் நின்றபோது, காலையில் என்னோடு வாய்ச்சண்டை போட்ட அதே அண்ணன் இறங்கி வந்து, "நீ ஸ்க்ரூவைப் பாருப்பா, நான் தட்டுறேன்" என்றார்.